வயல் தொழிலாளருக்கு வீடு: சங்கங்கள் செய்யத்தக்கவை



சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள பாப்பிரெட்டிப்பட்டிப் பிரதேசத்தில், வாணியாற்று நீரைக் கொண்டு நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைகின்றன. நாற்று நடுவது முதல் மஞ்சளை வெட்டி வேகவைத்து உலர்த்துவது வரை சகல வேலைகளையும் செய்பவர் கூலித் தொழிலாளரே. விளைந்த மஞ்சளுக்குக் கிடங்கு உண்டு. கறவை மாட்டுக்குக் கொட்டகை உண்டு. அவற்றைக் காப்பவரின் குடும்பமோ பல இடங்களில் ஒழுகும் ஓட்டின் கீழோ, கரும்புச் சோகை வேய்ந்த கூரையின் கீழோ ஒண்டியிருக்கிறது. அடுப்புப் பொறி ஒன்று பறந்தால் சேமிப்பும் துணியும் ரேஷன் கார்டும் ஒரே நாழிகையில் சாம்பலாகும்.

வீடு என்றவுடன் நல்லெண்ணமுடைய சங்கத்தார் செங்கல்லையும் சிமெண்டையும் பற்றியே முதலில் விசாரிக்கிறார்கள். முதலில் விசாரிக்க வேண்டியது மனையைப் பற்றி. மிராசுதாரரின் நிலத்தில் குடிசை போட்டிருப்பவன் அவரிடம் நியாயமான கூலியை எப்படிக் கேட்பான்? கேட்டால் வேலையோடு இருப்பிடமும் போகுமல்லவா? இந்தக் கட்டிலிருந்து விடுவிக்கும் பொருட்டே 1971-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சர்க்கார் குடியிருப்புச் சட்டத்தை இயற்றிற்று. அவ்வாண்டு ஜூன் 19-ஆம் தேதியன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அம்மனையையே அது உரிமையாக்கியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழ்வெண்மணியில் கூலித் தகராறு முற்றி, ஒரு குடிசையில் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையானதை நாடு மறக்கவில்லை.

அத்துயரத்தைக் கண்டு கீழத்தஞ்சைக்குச் சென்று உழைத்தவர்கள் சர்வோதய ஊழியர்களான கிருஷ்ணம்மாள், ஜகந்நாதன் தம்பதிகள். அவர்கள் 1981-இல் 'லாப்டி' என்னும் உழுவோர் நில விடுதலை ஸ்தாபனத்தை நிறுவினர். நிலமுடையோரையும் நிலமற்றோரையும் ஒரே பாயில் உட்கார வைத்து விலை பேசுவது, பாங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்குவது, பெண்களின் பெயரில் பத்திரம் பதிவது என்பதே அவர்கள் முறை. சுமார் 13,000 குடும்பங்கள் இவ்வாறு நிலம் பெற்றன. வீடு கட்டும் வேலையை அவர்கள் அதற்குப் பின்னரே பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். இவ்வரிசையைச் சங்கங்கள் கவனித்தல் நலம். பட்டா கைக்கு வராத மனையில் எழுப்பிய சுவர் எவருடைய சுவர் என்பதைக் கோர்ட்டுதான் சொல்லவேண்டியிருக்கும்.

மனை கிட்டியபின் பணம். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீடு ஒன்றுக்கு ரூ. 3,50,000 என்று வகுக்கப்பட்டது. 2016-இல் வந்த மத்திய சர்க்காரின் கிராம வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு நிர்ணயித்த உதவி ரூ. 1,20,000. தொகை வேலையின் படிகளை ஒட்டித் தவணையாக வருவதால், அடுத்த படியை எழுப்பக் கூலியாளனிடம் ரொக்கம் இராது. அவன் வட்டிக்கடைக்குப் போகிறான். தவணை வரும்போது அதில் ஒரு பங்கு வட்டிக்கே சரியாகிவிடுகிறது. ஜன்னல் மட்டத்தில் வீடு நின்றுவிடுகிறது. நன்கொடையாக ஒரு வீட்டைக் கட்டிக்கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, அதே பணத்தைச் சுழல்நிதியாக வைத்துத் தவணைக்கும் தவணைக்கும் இடையே வட்டியின்றிக் கைமாற்றுக் கொடுப்பது அதிகக் குடும்பங்களுக்கு உதவும்.

செலவைக் குறைக்கும் வழியும் உண்டு. லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவதால் நாலில் ஒரு பங்கு கல் மிச்சமாகும். வெயிலின் உக்கிரமும் உள்ளே தணியும். அவரும் அச்சுத மேனன் முதலியோரும் 1985-இல் திருச்சூரில் நிறுவிய 'காஸ்ட்போர்ட்' என்னும் லாபநோக்கற்ற சங்கம் இம்முறையில் கொத்தர்களைப் பழக்கி வந்தது. பழகாத கொத்தனார் கையில் இம்முறையும் வீண்தான். ஆகவே முதலில் ஒரு பொதுக் கட்டடத்துச் சுவரில் பழக்கிப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பழத்தோட்டங்களில் உழைக்கும் குடும்பங்களுக்காக 1965-இல் ஏற்பட்ட ஒரு சங்கத்தின் ஏற்பாடு கேட்கத்தக்கது. சில குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் வீட்டை மற்றவர் கட்டுகின்றனர். கடைசி வீடு முடியும்வரை எவரும் குடிபோகலாகாது. நம் கிராமங்களில் கூரை வேய ஊர் கூடுவது எல்லோரும் அறிந்ததே. புதிது அந்த நிபந்தனைதான். மேற்பார்வையாளரின் சம்பளத்துக்கென்று அந்நாட்டுச் சர்க்கார் இத்தகைய சங்கங்களுக்குத் தனி மானியம் தருகிறது. இங்கே அச்செலவைச் சங்கமே தேடிக்கொள்ள வேண்டியிருப்பதால், மனுவை எழுதி, அளவைப் பார்த்து, ரசீதைக் காக்கும் ஊழியர் ஒருவருக்கு முதல் இரண்டு வருஷச் சம்பளத்தை ஒதுக்கிவைத்த பின்னரே வீட்டு வேலையில் இறங்குவது உசிதம்.

1975-ஆம் வருஷத்திய சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்து, கணக்கை ஆண்டுதோறும் தணிக்கைக்குக் காட்டும் சங்கத்தையே பாங்கிகளும் அதிகாரிகளும் நம்புவர். இப்பகுதியில் முதல் வேலை, தெருத்தெருவாகச் சென்று பட்டா உள்ளவர், இல்லாதவர், பிறர் மனையில் இருப்பவர் என்று ஜாபிதா எடுப்பது. மழைக்காலத்துக்கு முன் அதை முடித்தால், கிராம சபை கூடும் நாளில் அந்த ஜாபிதாவைச் சபை முன் வைக்கலாம்.