சுவர் கோணல், அலமாரி நேர்

நான் தண்டையார்பேட்டைக்காரன். பதினாலு வருஷமா ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் வீடு வீடா போய் அலமாரி, கிச்சன் கப்போர்டு, வாஷ்பேசின் மாட்டறதுதான் வேலை. மைக் முன்னாடி உட்கார்றது இதுதான் முதல் தடவை. உளறினா எடிட்ல பாத்துக்கோங்க.

எங்க ஏரியாவுல நேரான சுவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ராயபுரத்துல சுண்ணாம்புக் கலவையில கட்டின பழைய வீடுங்க இருக்கு. சுவர் வயிறு தள்ளி நிக்கும். அது வயசு, அதுமேல எனக்குக் கோபம் இல்லை. போன வருஷம் கட்டின ஃபிளாட்டும் கோணலா இருந்தாதான் எரிச்சல் வரும். தூக்குக்குண்டு விடாம கல் அடுக்கிடுவாங்க. அப்புறம் கோணலை மறைக்க ஒரு பக்கம் அரை இன்ச், இன்னொரு பக்கம் ரெண்டு இன்ச்னு பூச்சை அப்புவாங்க. குறைஞ்சது ஏழு நாளாவது தண்ணி விட்டு நனைக்கணும். ரெண்டே நாள்ல பெயின்ட் அடிக்க ஆள் வந்துடும். அந்தச் சுவர்ல ட்ரில் வெச்சா, பிட் மாவுக்குள்ள போற மாதிரி போகும். பிளக் சொருகினா ஓட்டைக்குள்ளயே சுத்தும். 2021 ஆகஸ்ட்ல புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்புல கையால தொட்டாலே பூச்சு உதிர்ற வீடியோ பார்த்திருப்பீங்க. ஐஐடி மெட்ராஸ் வந்து ஆய்வு பண்ணுச்சு. ஊரே அதிர்ச்சியாச்சு. எங்களை மாதிரி ட்ரில் பிடிக்கிறவங்களுக்கு அது புதுசு இல்லை.

இந்த மாதிரி வீட்டுல எதுக்கு நேரா மாட்டறது, ரசமட்டத்துக்கா, கண்ணுக்கா? தண்ணி சம்பந்தப்பட்டதுன்னா யோசனையே வேணாம், ரசமட்டம்தான். பாத்ரூம் தரை வாட்டத்தைக் கண்ணால பார்த்துப் போட்டா, தண்ணி கதவுப் பக்கம் வந்து நிக்கும். மேல் அலமாரிதான் சிக்கல். பீம் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அதுக்குக் கீழ நான் சரியா மட்டம் பார்த்து மாட்டினா, இந்த முனையில அரை இன்ச் இடைவெளி, அந்த முனையில ஒன்றரை. வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "தம்பி, கோணலா மாட்டிட்டியே"ன்னுவார். உடனே போன்ல ஆப்பைத் திறந்து அலமாரி மேல வைப்பார். அது ஜீரோ காட்டும். போன் ரிப்பேர்ம்பார். (சிரிப்பு) அந்த இடைவெளிக்கு ஒரு பட்டியை பீமோட சாய்வுக்கே இழைச்சு அடிச்சா, கண்ணு ஏமாந்துடும். இத்தனை வருஷத்துல நான் நல்லா கத்துக்கிட்டது இந்த மறைக்கிற வேலைதான். அதுலதான் ஒரு தடவை மாட்டிக்கிட்டேன்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. எந்த இடம்னு சொல்லல. ஒரு அக்கா வீட்டு சமையலறையில, ஜன்னலை ஒட்டி அலமாரி மாட்டினேன். ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா ஒரு விரிசல் மேல ஏறிச்சு. "வீட்ல விசேஷம் இருக்கு தம்பி, அசிங்கமா தெரியுது, அதையும் மூடிடு"ன்னாங்க. பட்டி பார்த்து, தேச்சு, பெயின்ட் அடிச்சேன். அழகா இருந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு போன். "இன்னா தம்பி, நீ மாட்டுன அலமாரி சாயுது. எண்ணெய் டப்பா தானா நகருது."

கோபத்தோடதான் போனேன். என் வேலை சாயாது. ரசமட்டத்தை வெச்சேன், குமிழி ஒரு பக்கம் ஓடிடுச்சு. மட்டத்தைத் தலைமாத்தி வெச்சேன். மட்டம் தப்பா இருந்தா குமிழி எதிர்ப்பக்கம் போகும், ஆனா அதே பக்கம்தான் நின்னுச்சு. ஸ்க்ரூ எதுவும் லூஸ் இல்லை. அலமாரியைக் கழட்டினேன். பின்னாடி நான் போட்ட பென்சில் கோடு இருந்துச்சு. டியூப்ல தண்ணி ஊத்தி, காத்து இல்லாம பார்த்து, கோட்டோட ரெண்டு முனையிலயும் பிடிச்சேன். கோடே ஒரு பக்கம் இறங்கியிருந்துச்சு. நான் மூடின விரிசல் பட்டியைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்திருந்துச்சு. ஜன்னல் கதவும் சிக்குது. அதாவது சுவர் ஒரு பக்கமா இறங்குது.

2021 டிசம்பர் 27 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திருவொற்றியூர் அரிவாக்குளத்துல 24 வீடு இருந்த ஒரு பிளாக் அப்படியே உட்கார்ந்துச்சு. 1993ல கட்டினது. விரிசலைப் பார்த்து ஜனங்க முன்னாடியே வெளிய வந்ததால ஒரு உயிர்கூடப் போகல. அந்த விரிசலை யாராவது என்னை மாதிரி அழகா மூடியிருந்தா?

அக்கா, "ஒரு துண்டுக் கட்டை வெச்சு நிமித்திக் கொடு தம்பி"ன்னாங்க. அஞ்சு நிமிஷ வேலை. மாட்டேன்னுட்டேன். விரிசலோட ரெண்டு நுனியிலயும் பென்சிலால கோடு போட்டு தேதி எழுதினேன். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை நல்லா இறுக ஒட்டினேன். சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையும், அவ்வளவுதான் அதுல இருக்கிற டெக்னாலஜி. வாரா வாரம் அதே இடத்துலேர்ந்து போட்டோ எடுக்கச் சொன்னேன். நான் போட்ட பட்டியைப் பத்தியும் சொல்லிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசல.

மூணாவது வாரம் கண்ணாடி உடைஞ்சுது. அந்த போட்டோவோட புகார் கொடுத்தாங்க, கூட மேல்வீடு, கீழ்வீட்டுக்காரங்களும் போனாங்க. இன்ஜினியர் வந்து பார்த்துட்டு, அந்த வரிசையையே காலி பண்ணச் சொன்னார். இப்போ அக்கா தங்கச்சி வீட்ல இருக்காங்க. அலமாரி என் கடையிலதான் கிடக்கு. மாசம் ஒரு தடவை போன் பண்ணி, "எறும்பு ஏறிடப் போவுது, பாத்துக்கோ தம்பி"ம்பாங்க.