ஏழு கடிதங்களில் வளர்ந்த நட்பு



காணாமலே நட்புக் கொண்டவர்கள் என்றவுடன் தமிழ் நெஞ்சங்களில் முதலில் தோன்றுபவர்கள் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஆவர். சோழன் உறையூரில் இருந்தான்; புலவர் பாண்டி நாட்டில் இருந்தார். நட்புக்குப் பழக்கம் வேண்டுவதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்ற வள்ளுவர் கருத்துக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே சான்றாகக் காட்டுகிறார். அத்தகைய நட்பொன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலர்ந்தது. அதில் மூத்தவர் லியோ டால்ஸ்டாய், இளையவர் காந்தியடிகள். இருவருக்கும் இடையே நாற்பத்தோர் ஆண்டு இடைவெளி.

வயது மட்டுமா வேறு? டால்ஸ்டாய் 1828இல் பிறந்த உருசியப் பிரபு. உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர். காந்தியடிகளோ 1909இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவாலில், அயல்நாட்டார் அறியாத ஒரு போராட்டத்தை நடத்திவந்த வழக்கறிஞர். இந்தியர் தம் பெயரைப் பதிவு செய்து, கைரேகையிட்டுச் சான்று பெற வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துப் பலரும் சிறை புகுந்திருந்தனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர்.

முறையிடுவதற்காக இலண்டன் சென்றிருந்த காந்தியடிகள், 1909 அக்டோபர் 1ஆம் நாள், தமக்கு நாற்பது வயது நிறைவதற்கு முதல் நாள், டால்ஸ்டாய்க்கு முதல் கடிதம் எழுதினார். டால்ஸ்டாயின் சமய நூலொன்றைப் படித்து உள்ளம் நெகிழ்ந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. புகழ்மொழிகளை நிரப்பி அனுப்பியிருக்கலாம். அவரோ இரண்டு வேண்டுகோள்களை முன்வைத்தார்.

வங்கப் புரட்சியாளர் தாரக்நாத் தாசுக்கு 1908இல் டால்ஸ்டாய் எழுதிய நீண்ட கடிதத்தின் படி ஒன்று அவர் கைக்குக் கிடைத்திருந்தது. வன்முறையால் விடுதலை வாராது, அன்பின் வழியே வழி என்று வற்புறுத்தும் கடிதம் அது. அக்கடிதத்தில் திருக்குறளின் 'இன்னா செய்யாமை' அதிகாரத்துக் குறட்பாக்களையும் டால்ஸ்டாய் எடுத்தாண்டிருந்தார். இருபதாயிரம் படிகள் அச்சிட நண்பர் ஒருவர் முன்வந்துள்ளார். இது தங்கள் கடிதந்தானா என்று உறுதி செய்தருள வேண்டும் என்பது முதல் வேண்டுகோள். அதில் கண்டிக்கப்பட்ட கொள்கைகளின் வரிசையில் மறுபிறவி நம்பிக்கையும் இடம்பெற்றிருக்கிறது. கோடானுகோடி மக்களுக்கு ஆறுதலாய் நிற்கும் அந்நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லை நீக்கிவிடலாமா என்பது இரண்டாவது.

எண்பத்தொரு வயது முதியவரிடம், முன்பின் அறியாத ஒருவர் முதல் கடிதத்திலேயே அவர் எழுத்தில் ஒரு சொல்லை எடுத்துவிடக் கேட்கிறார்! ஆறே நாளில் மறுமொழி எழுதப்பட்டது. ஆன்மாவின் அழியாமையிலும் இறைவனின் நீதியிலும் அன்பிலும் கொள்ளும் நம்பிக்கையைப் போல் மறுபிறவி நம்பிக்கை உறுதியானதாக இருக்க முடியாது; ஆதலால் அச்சொல்லை நீக்கத் தமக்கு விருப்பமில்லை என்றார் டால்ஸ்டாய். ஆயினும், உம் விருப்பப்படி செய்துகொள்ளலாம் என்றும் சேர்த்து எழுதினார்.

இந்நட்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. இளையவர் மதிப்புக் குறையாமல் மாறுபட்டார். மூத்தவர் தம் கொள்கையைத் தளர்த்தாமலே முடிவை இளையவரிடம் ஒப்படைத்தார். ஒருவர் மற்றவருக்கு அடிமையாகவில்லை.

இலண்டனிலிருந்து திரும்பும் கப்பலிலேயே காந்தியடிகள் அக்கடிதத்தைக் குசராத்தியில் மொழிபெயர்த்தார். 'இந்திய சுயராச்சியம்' என்ற தம் நூலையும் அதே பயணத்தில் எழுதி முடித்தார். அதன் ஆங்கில வடிவத்தை 1910 ஏப்ரலில் டால்ஸ்டாய்க்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். அந்நூல் எழுப்பும் வினா இந்தியாவுக்கு மட்டுமின்றி மனித குலம் முழுமைக்கும் இன்றியமையாதது என்று மே மாதத்தில் விடை எழுதினார் டால்ஸ்டாய்.

அவ்வாண்டிலேயே கட்டடக் கலைஞர் கல்லன்பாக், சோகன்னசுபர்க் நகருக்கு அருகில் ஆயிரத்து நூறு ஏக்கர் நிலத்தைச் சிறை சென்றோரின் குடும்பங்கள் வாழ வாடகையின்றி அளித்தார். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிட்டனர். தமிழரும் தெலுங்கரும் குசராத்தியரும் அங்கே ஒரே குடும்பமாய் உழைத்தனர். கப்பற் பயணத்திலும் சிறையிலுமாகப் போப்பையரின் கைந்நூலைக் கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழைக் காந்தியடிகள் அங்கிருந்த தமிழ்ச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். உருசிய அறிஞரின் பெயர் தாங்கிய நிலத்தில், ஆப்பிரிக்க மண்ணில், தமிழ் எழுத்துகள் ஒலித்தன.

டால்ஸ்டாயின் கடைசிக் கடிதம் 1910 செப்டம்பர் 7ஆம் நாளிட்டது. அதுவே மூன்றனுள் நீண்டது. சாவின் அண்மையைத் தெளிவாக உணரும் வேளையில், தாம் மிக முதன்மையாகக் கருதுவதைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்பின் நெறியை விரித்துரைத்தார். உலகின் ஒரு மூலையில் நடப்பதாகத் தோன்றும் டிரான்சுவால் பணியே அந்நாளின் தலையாய பணி என்றும் குறித்தார். நவம்பர் 20ஆம் நாள் அசுதாபோவோ தொடர்வண்டி நிலையத்தில் அவர் உயிர் நீத்தார்.

காந்தியடிகள் எழுதியவை நான்கு. டால்ஸ்டாய் எழுதியவை மூன்று. பிசிராந்தையார் இறுதியிலேனும் சோழன் வடக்கிருந்த இடத்தை அடைந்தார். இவர்களுக்கு அந்தச் சந்திப்பும் வாய்க்கவில்லை. ஆயினும் ஒருவர் வாழ்நாளின் மாலையில் எழுதியது மற்றவர் கையில் செயலாயிற்று.

பத்தாண்டு நிறைவுறும் இவ்விலக்கிய வட்டத்தில் நரைத்த தலைகளும் உண்டு. கல்லூரி மாணவர்களும் உண்டு. ஒரு சொல்லை நீக்கலாமா என்று கேட்கும் துணிவு இளையோர்க்கும், உம் விருப்பம் என்று விடும் பெருந்தன்மை மூத்தோர்க்கும் இருக்குமாயின் இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுகளையும் காணும்.