சுருதி மட்டும் போதுமா?

(பெங்களூர் பிரேசர் டவுனில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மத்திய அரசுக் கணக்குத் துறையில் 36 வருஷம் குப்பை கொட்டியவன் பேச வருகிறான் என்றதும், பென்ஷன் விதிகளைப் பற்றித்தான் இருக்கும் என்று சிலர் கடைசி வரிசையில் வசதியாகச் சாய்ந்துகொண்டது தெரிகிறது. நான் பேசப் போவது எலெக்ட்ரானிக் இசையைப் பற்றி. அதிலும் காதைப் பிளக்கிற வகை அல்ல. ஆம்பியன்ட் என்கிறார்களே, அந்த வகை.

இந்த வயதில் இது எனக்குப் பேரன் மூலமாக வந்தது. அவனுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ராத்திரியானால் கதவைச் சாத்திக்கொண்டு சிந்தசைசர். கோல்ஸ் பார்க் பக்கத்தில் எங்கள் அடுக்ககம். மாஸ்க் ரோடு எப்படிப்பட்டது என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். இதழில் படிக்கப் போகும் வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: ரம்ஜான் மாதத்தில் நடுநிசி தாண்டியும் கடையும் கூட்டமும் கலகலவென்று இருக்கும். அதனால் அவன் ஒலிப்பதிவு செய்வது ராத்திரி 2 மணிக்கு மேல்தான்.

ஒரு நாள் ஆத்துக்காரி அவன் அறை வாசலில் நின்று பத்து நிமிஷம் கேட்டாள். பிறகு, "ஏண்டா, சுருதி மட்டும் போயிண்டே இருக்கே, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றாள். "அதான் பாட்டி பாட்டே" என்றான் அவன். இந்தக் கேள்வி பதிலுக்குள்ளேயே விஷயம் முழுக்க இருக்கிறது என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

ஆம்பியன்ட் என்ற பெயரை நிலைநாட்டியவர் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர். 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். பார்க்க வந்த சிநேகிதி கொண்டுவந்த ஹார்ப் வாத்திய இசைத்தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மிகக் குறைவு. எழுந்து கூட்டுவதற்குத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்ட ஸ்வரங்கள் அவருக்குப் புதிதாக எதையோ காட்டின. சூழலோடு கலந்து நிற்கிற இசை. கவனித்தாலும் சரி, கவனிக்காவிட்டாலும் சரி. அந்த வருஷமே ஓர் இசைத்தட்டு செய்தார். 1978-ல் விமான நிலையங்களுக்கான இசை என்றே பெயரிட்டு இன்னொன்று.

கவனிக்காவிட்டாலும் கூடவே இருக்கிற இசை! நமக்கு இது புதிதா? ஒவ்வொரு கச்சேரியிலும் பாடகருக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து அதைத்தானே செய்கிறார்? உறவு கற்பனையில்லை. பண்டிட் பிராண் நாத் 1970-ல் நியூயார்க் போனபோது, லா மான்டே யங், டெரி ரைலி என்ற இரண்டு அமெரிக்க இசைக்காரர்கள் அவருக்குச் சீடர்களாகி, அவர் பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்டார்கள். நாடாவைச் சுழல விட்டு ஒலியின் மேல் ஒலியாக அடுக்கும் வித்தையில் ரைலி முன்னோடி. ஈனோ அதை நன்றாகவே கவனித்திருக்கிறார்.

நம் தேசத்திலும் சிந்தசைசர் சீக்கிரமே வந்துவிட்டது. 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் ஒரு மோக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்துர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். கீதா சாராபாய், விக்ரம் சாராபாயின் சகோதரி. 1946-லேயே நியூயார்க் போய், ஜான் கேஜுக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேல்நாட்டு இசை கற்றவர். சில வருஷங்களில் அந்த ஸ்டுடியோ ஓய்ந்தது. நாடாக்கள் அலமாரியில் தூங்கின. பால் புர்காஸ் என்ற லண்டன் இசைக்கலைஞர் கண்டெடுத்து, 2023-ல் தொகுப்பாக வெளிவந்தன. அரசாங்க அலமாரிகளோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நாடாக்கள் பிழைத்ததுதான் ஆச்சரியம்.

பெங்களூரில் இது எங்கே ஆரம்பித்தது என்று என்னைக் கேட்டால், சுருதிப் பெட்டியில் என்பேன். இந்த ஊர்ப் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1970-களில் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். அவருடைய ராடெல் பெட்டி இன்று பாட்டு சொல்லிக்கொள்ளும் குழந்தை எந்த தேசத்தில் இருந்தாலும் அங்கே இருக்கிறது. எங்காத்துக்கும் ஒன்று வந்தது. வந்த அன்றே ஆத்துக்காரியின் தம்புரா உறைக்குள் போயிற்று. பெட்டியைக் குறை சொல்லவில்லை. சிட்டி பஸ்ஸில் தம்புராவோடு ஏறிப் பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

சரி, பேரன் என்னதான் செய்கிறான்? சிந்தசைசரில் ஒரு ஸ்வரத்தை அழுத்தினால், பியானோ மாதிரி டங்கென்று எழாமல், நாலைந்து விநாடியில் மெதுவாக ஏறி, விரலை எடுத்த பின்னும் எட்டுப் பத்து விநாடி தேய்கிற மாதிரி அமைக்கிறான். ஃபில்டரால் கூர்மையைக் குறைக்கிறான். டிலே என்ற கருவி, ஒலியைச் சற்றுத் தாமதமாகத் திருப்பித் திருப்பித் தருகிறது. ரிவெர்ப் என்பது எதிரொலிக் கூடம். ஓர் இடத்தில் பலூனை உடைத்து அந்த எதிரொலியைப் பதிந்துகொண்டால், வேறெங்கோ வாசித்த வாத்தியத்தையும் அந்த இடத்தில் வாசித்த மாதிரி கம்ப்யூட்டர் மாற்றிவிடும். எங்கள் மாடிப்படியில் நள்ளிரவில் பலூன் உடைத்தான். வாட்ச்மேன் தடியோடு ஓடி வந்தார்.

எல்லாம் செய்தும் அவனுக்குத் திருப்தியில்லை. "ஒலி செத்துப் போயிருக்கு தாத்தா, உள்ளே ஒண்ணும் அசையலை" என்றான். நான் பரண் மேலிருந்த தம்புராவைக் காட்டினேன்.

இங்கே பி.எஸ்ஸி. பௌதிகம் கொஞ்சம் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்கவேண்டிய மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. நம் தம்புராவும் வீணையும் இந்த விதிக்கு அடங்குவதில்லை என்று 1921-ல் எழுதினார் சர் சி.வி. ராமன், பிற்பாடு இதே பெங்களூரில் வாழ்ந்தவர். குதிரையின் மேல்பக்கம் சற்றே வளைந்திருக்கிறது. தம்புராவில் ஜீவா நூலும் உண்டு. தந்தி அதை உரசி உரசி எழுவதால், எழக்கூடாத மேல்சுரங்களும் எழுகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து தேய்கின்றன. பேரன் தேடிய அசைவு அதுதான்.

தந்தி மாற்றி, பிருடையைச் சரிசெய்து, ஐந்து கட்டைக்குச் சேர்த்தாள் ஆத்துக்காரி. அதோடு இவன் சிந்தசைசரைக் கலந்தான். கலந்தது கலவரம். சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், இரண்டும் ஒன்றே. தம்புராவின் பஞ்சமம் 147, சிந்தசைசருடையது 146.83. வித்தியாசம் அற்பம், ஆறு விநாடிக்கு ஒரு முறை ஒலி மெல்ல விம்மித் தணியும். அது எனக்கே பிடித்திருந்தது. காந்தாரம்தான் வினை. மந்தர சட்ஜத் தந்தியில் தானாக எழும் காந்தாரம் 490. சிந்தசைசரின் சமபங்கு ஸ்வர வரிசையில் அது 493.88. விநாடிக்கு நாலு முறை அடித்துக்கொள்கிறது.

"சேரலை" என்றாள் இவள்.

"அந்த உரசல்தான் பாட்டி அழகு" என்றான் அவன். "அழகுன்னா நீயே வெச்சுக்கோ, என் தம்புராவை விட்டுடு" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. நான் நடுவில் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இருவருமே அதைப் பார்க்கவில்லை.

ஏன் அவ்வளவு கோபம் என்று யோசித்தேன். சின்ன வயதில் பல வருஷம் தன் குருவின் பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்டவள் அவள். அழைப்பிதழில் பாடகர் பெயர், வயலின், மிருதங்கம், கடம் வரை போடுவார்கள். தம்புராவுக்குப் பெயர் கிடையாது. ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. அதிலும் தம்புராவின் தண்டி அவள் பாதி முகத்தை மறைக்கிறது. பிறகு 30 வருஷம் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். தொண்டையில் ஆபரேஷன் ஆன பின் பாட்டும் நின்றது. மிச்சமிருந்தது சுருதி சுத்தம் ஒன்றுதான். அதில் கைவைத்தால்?

மூன்றாம் நாள் பேரனே வந்தான். சிந்தசைசரிலிருந்து காந்தாரத்தை எடுத்தே விட்டான். பஞ்சமத்தை 2 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் நூற்றில் இரண்டு பங்கு, உயர்த்தினான். "காந்தாரம் உன் தம்புராலேர்ந்தே வரட்டும் பாட்டி, நான் அதைச் சுத்தி மட்டும் இருக்கேன்." இவள் ஒன்றும் சொல்லாமல் தம்புராவை எடுத்தாள்.

அன்று ராத்திரி 2 மணி. ஃபேன் நிறுத்தம். ஃபிரிட்ஜ் நிறுத்தம்; மறுபடி போடுவது என் பொறுப்பு, மறந்தேன், காலையில் பால் திரிந்தது. மைக்கில் வளையல் சத்தம் கேட்டது. கழற்ற மாட்டேன் என்றாள், கைக்குட்டையால் கட்டிக்கொண்டாள். நாற்பது நிமிஷம் கண்ணை மூடி மீட்டினாள். இந்தத் தடவை முன்னால் யாரும் பாடவில்லை.

அதில் 18 நிமிஷத்தை எடுத்து முடித்திருக்கிறான். கலைஞர் பெயர் என்ற இடத்தில் முதலில் பாட்டி பெயர், தம்புரா என்று போட்டு. அதற்குக் கீழே தன் பெயர். என் பெயர் இல்லை, பாலைக் கெடுத்ததுதான் என் பங்கு.

ஒலிபெருக்கிகளை அவன் தயாராக வைத்திருக்கிறான். செல்போன்களை அணைத்துவிடுங்கள். முடிந்த பிறகுதான் காபி என்று செயலாளரிடம் சொல்லியாயிற்று.