மழையில் மக்கர் செய்யும் கார்

(செப்டம்பர் மாத உறுப்பினர் கூட்டத்தில் நம் குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரை. கார் பட்டறைத் தொழிலில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். பேச்சை அதிகம் மாற்றாமல் வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



"ஐப்பசி பிறந்துவிட்டால் நம்ம பார்க்கிங்கில் காலைக் கச்சேரிதான், அதைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள் சார்" என்று தலைவர் கேட்டார். எந்தக் கச்சேரி என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி முழுக்க மழை கொட்டியிருக்கும், ஆறரை மணிக்கு நாலு வண்டி வரிசையாக செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும், ஒன்றும் கிளம்பாது. ஆபீசுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் சமாளித்துவிடலாம். ஆனால் நம் வளாகத்தில் 70 வயதைத் தாண்டியவர்கள் நிறைய இருக்கிறோம். விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சுத்திணறல் என்றால், தண்ணீர் நிற்கிற தெருவுக்குள் ஆட்டோ வராது. அன்றைக்கு வண்டி கிளம்பியே ஆகவேண்டும். அதனால்தான் பேச ஒத்துக்கொண்டேன்.

முதலில் காதைக் கொடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது வண்டி என்ன சத்தம் போடுகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். 'டக்' என்று ஒரே சத்தம், அல்லது 'டகடக' என்று அடித்துக்கொண்டு டாஷ்போர்டு விளக்கு மங்கினால், கோளாறு பேட்டரியிலோ டெர்மினலிலோ இருக்கிறது. செல்ஃப் வழக்கம்போல வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால், ஸ்பார்க் வரவில்லை அல்லது பெட்ரோல் வரவில்லை. பிடித்துவிட்டு உதறினால், 'மிஸ்ஸிங்' என்று சொல்வோமே அது, ஏதோ ஒரு சிலிண்டருக்குப் போகிற கரண்ட் நடுவழியில் கசிகிறது. மெக்கானிக்கிடம் போனில் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த மூன்றில் எது என்று சொன்னால் என்ன எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

நம் ஊரில் பெரும்பாலும் பேட்டரிதான். வெளிநாட்டில் பனியில் பேட்டரி உறைந்து படுத்துவிடும் என்பார்கள். சென்னையில் மார்கழி ராத்திரிகூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே பேட்டரியைக் கொல்வது மே மாத வெயில். வெயிலில் உள்ளே தகடு அரித்து, தண்ணீர் வற்றி, உயிர் போய்விடுகிறது. ஆனாலும் தினமும் ஓடுகிற வண்டி என்பதால் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருக்கும். மழை வந்ததும் மூன்று நாள் வண்டியை எடுக்க மாட்டோம். எடுத்தாலும் லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓட, நெரிசலில் ஊர்ந்து இரண்டு கிலோமீட்டர் போய் வருவோம். செலவானது திரும்ப ஏறாது. நாலாவது நாள் காலையில் படுத்துவிடும். பழி மழைக்கு.

மூன்று வருஷம் தாண்டிய பேட்டரி என்றால் இந்த மாதமே சோதித்துவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுதாக இருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டவேண்டும். காட்டவில்லை என்றால் புதுப் பேட்டரி போட்டும் பிரயோஜனம் இல்லை, ஆல்டர்னேட்டரைப் பார்க்கவேண்டும். இன்னொன்று, டெர்மினலில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கும். வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காய்ந்த பிறகு மேலே கொஞ்சம் வாசலைன். இதற்கு எந்தக் கடையிலாவது பில் போட்டால் கொடுக்காதீர்கள்!

அடுத்தது நிஜமாகவே ஈரத்தால் வருகிற கோளாறு. பெட்ரோல் வண்டியில் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி பிளக்குக்கு அனுப்புகிறது. அவ்வளவு வோல்ட்டேஜ் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். ரப்பரில் மயிரிழை வெடிப்பு, அதன்மேல் அழுக்கு, அழுக்கில் ஈரம் என்று சேர்ந்தால், பிளக்கில் பாயவேண்டியது பக்கத்து இரும்பில் பாய்ந்துவிடும். பேட்டரியும் வீக்காக இருந்தால் செல்ஃப் சுற்றும்போது வோல்ட்டேஜ் இன்னும் இறங்கி, ஸ்பார்க்கும் மெலிந்துபோகும். இரண்டு கோளாறும் ஒரே நாளில் சேர்ந்து வருவது இதனால்தான்.

அம்பாசடர், பத்மினி, கார்புரேட்டர் மாருதி 800 ஓட்டியவர்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்த ஞாபகம் இருக்கும். இன்னும் அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் நம்மில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். கேப்பின் உள்ளே பென்சிலால் கோடு போட்ட மாதிரி கறுப்புத் தடம் இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். பிளக் வயர் கசிகிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. இருட்டியபின் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். கசிகிற இடத்தில் நீலப் பொறி தெரியும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே போகவேண்டாம்.

புது வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். அதனால் மழைக்குப் பயமில்லை என்று நினைக்கக்கூடாது. அந்தப் பிளக் ஒரு குழிக்குள் இருக்கிறது. குழியில் தண்ணீர் இறங்கினால் தானாக வெளியே வராது. தண்ணீர் எப்படி இறங்கும்? ஒன்று, தீபாவளிக்கு வண்டியைப் பளபளப்பாக்குகிறேன் என்று பானெட்டைத் திறந்து பிரஷர் பம்பால் எஞ்சினைக் கழுவுவது. இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், எஞ்சின் அழுக்காக இருந்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. இன்னொன்று நம் வளாகத்து மரங்கள். வைப்பருக்கு அடியில் ஜாலி மாதிரி ஒரு இடம் இருக்கிறதல்லவா, அதில் வேப்பிலையும் கொன்றைப்பூவும் சேர்ந்து தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்துவிடும். தேங்குகிற தண்ணீர் எஞ்சின் மேலோ, காருக்குள் கால் மிதியடியிலோ இறங்கும். வாரத்துக்கு ஒருமுறை கையால் இலையை அள்ளிப் போடுங்கள். மழைக்கு ஒதுங்கும் எலியையும் சொல்லவேண்டும். பானெட்டுக்குள் கதகதப்பாக இருப்பதால் அங்கேதான் குடிவரும், வயரைக் கடிக்கும். காருக்குள் பிஸ்கட் பாக்கெட் வைக்காதீர்கள்.

எஞ்சின் பிடிக்கவில்லை என்று அரை நிமிஷம் ஒரேயடியாக செல்ஃப் அடிப்பதைப் பார்க்கிறேன். செல்ஃப் மோட்டார் கருகிவிடும். ஐந்து விநாடி, அதற்குமேல் வேண்டாம். அரை நிமிஷம் விட்டு மறுபடி. மூன்று நான்கு முறை ஆகி பெட்ரோல் வாடை அடித்தால் பிளக் நனைந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் நின்று வெறும் காற்று மட்டும் போகும், பிளக் காயும். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்தான். தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய வண்டிக்குச் சரி. ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. புதுப் பெட்ரோல் வண்டியில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும்.

ஜம்பர் கேபிள் ஒன்று சங்கச் செலவில் வாங்கி செக்யூரிட்டி அறையில் வைக்கலாம் என்பது என் யோசனை. போடுகிற வரிசை முக்கியம். சிவப்பு முதலில் படுத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில். கடைசி முனையைப் படுத்த பேட்டரியில் போடாமல், அந்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வவிடுங்கள். பேட்டரி மேல் லேசாக ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அங்கே பொறி பறக்கக்கூடாது.

டீசல்காரர்களுக்கு ஸ்பார்க் தொல்லை இல்லை. பேட்டரியையும், டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைச் செலவு. இனிமேல் சொல்வதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டியை, தண்ணீர் வடிந்த பிறகும், ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. "ஒரே ஒரு தடவை ஓடுதான்னு பார்க்கிறேன்" என்பதுதான் ஆபத்து. சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் எஞ்சின் வேலை லட்சத்தைத் தாண்டும். ஸ்டார்ட் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் ஆயில், ஃபில்டர் மாற்றி, சுத்தம் செய்து மீட்டுவிடலாம். சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால், முடிந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, டோ செய்துதான் கொண்டுபோகவேண்டும்.

ஏ பிளாக்கிலிருந்து ஒரு அம்மா கூட்டத்துக்கு முன்பே கேட்டார்கள், "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே சார், கொடுக்க மாட்டார்களா?" என்று. வெள்ளத்தில் வண்டிக்கு வருகிற சேதத்துக்கு அதில் இடம் உண்டு. ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனால், அது பின்விளைவு என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். எஞ்சின் புரொடெக்‌ஷன் என்று தனியாகச் சேர்த்திருக்கவேண்டும். இன்றைக்கு ராத்திரி பாலிசியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பெரும்பாலும் அடுத்த புதுப்பித்தலில்தான் சேர்க்கமுடியும்.

அதைவிடச் சுலபம், வண்டியை முன்கூட்டியே மேலே ஏற்றிவிடுவது. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. நமக்கு பேஸ்மென்ட்டில் 40 வண்டி நிற்கிறது. சிவப்பு எச்சரிக்கை அறிவித்தால் அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் மேலே, உள்சாலையிலும் பூங்கா ஓரத்திலும் நிறுத்த செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளைப் பார்க்க வெளியூர், வெளிநாடு போகிறவர்கள் மாற்றுச் சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று அக்டோபர் 10-க்குள் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். சாவி இல்லாத வண்டியை நாங்கள் தூக்கிக்கொண்டு வரமுடியாது.