கையொப்பமிட மறுத்த இளவரசி

(சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் ஆலய மண்டபத்தில், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

காராய்க்கு அருகே பேராக் ஆற்றின் குறுக்கே நிற்கும் பழைய இரயில் பாலத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். 1897ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி, 1900ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பேராக் சுல்தான் இத்ரிஸ் அவர்களால் திறந்து வைக்கப்பெற்ற பாலம் அது. அதன் பக்கத்திலேயே புதிய பாலம் அமைந்தமையால் 2002ஆம் ஆண்டு முதல் அதன்மீது இரயில் ஓடுவதில்லை. ஆயினும் விக்டோரியா பாலம் என்னும் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் மாணவி ஒருத்தி, "ஐயா, விக்டோரியா என்பவர் யார்? அவர்தாம் இந்தப் பாலத்தைக் கட்டினாரா?" என்று வினவினாள். "அவர் இங்கிலாந்து நாட்டு மகாராணி" என்று மட்டும் விடை கூறி நிறுத்திக்கொண்டோம். அன்று அரைகுறையாகச் சொன்னதை இன்று நிறைவு செய்ய விழைகின்றோம். அவருடைய அரசாட்சியைப் பற்றியன்று. அவர் சிறுமியாய் இருந்த காலத்தைப் பற்றியே பேசுவோம். அதில் நம் வீட்டுப் பெண்மக்களுக்குரிய பாடம் ஒன்று உண்டு.

1819ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் இலண்டன் மாநகரின் கென்சிங்டன் அரண்மனையில் அவர் பிறந்தார். தந்தையார் கெண்ட் கோமகன் எட்வர்ட், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் நான்காம் புதல்வர். தாயார் ஜெர்மானிய நாட்டவர். முதற் கணவரை இழந்து மறுமணம் புரிந்தவர். குழந்தைக்கு எட்டு மாதமாகியிருந்தபோது தந்தையார் நிமோனியாக் காய்ச்சலால் காலமானார். அவர் விட்டுச் சென்றது பெருங்கடன். அரண்மனையிலே பிறந்தும், தகப்பனற்ற பிள்ளையாகவும் கடன்பட்ட வீட்டின் பிள்ளையாகவுமே விக்டோரியா வளர்ந்தார்.

அவருடைய பெரிய தந்தையர்க்குப் பட்டத்திற்குரிய பிள்ளைகள் நிலைக்கவில்லை. ஆகவே அரசுரிமை இச்சிறுமியை நோக்கி வந்தது. அதனை நன்கு உணர்ந்தவர் ஜான் கான்ராய் என்பவர். கோமகளின் இல்லப் பொறுப்புகள் அனைத்தும் அவர் கையில் இருந்தன. மகளைத் தாய் ஆள வேண்டும். தாயைத் தாம் ஆள வேண்டும் என்பதே அவர் எண்ணம். இருவருமாகச் சேர்ந்து சிறுமிக்குக் கடுமையான விதிகளை வகுத்தனர். இரவில் தாயின் அறையிலேயே உறங்க வேண்டும். ஒருவர் கையைப் பற்றாமல் படிக்கட்டில் இறங்கலாகாது. அவர்கள் தேர்ந்தெடுத்தவரன்றிப் பிற பிள்ளைகளோடு பழகலாகாது. அவர் எழுதிய நாட்குறிப்பையும் தாயார் பார்வையிட்டார். துணையாய் இருந்தவை ஒரு நாயும், 132 மரப்பொம்மைகளும். அப்பொம்மைகளுக்கு ஆசிரியை லேசன் அம்மையாரோடு சேர்ந்து ஆடை தைத்து அணிவித்து மகிழ்ந்தார்.

அந்தக் கூண்டுக்குள்ளும் ஒரு கதவு திறந்திருந்தது. அதுவே கல்வி. பிரெஞ்சு, ஜெர்மன், இலத்தீன், கணக்கு, வரலாறு, ஓவியம், இசை எனப் பல பாடங்களை நாள்தோறும் கற்றார். தமது பத்தாம் வயதில், 1830ஆம் ஆண்டில், வரலாற்று நூலுக்குள் வைக்கப்பட்டிருந்த அரச குலமுறைப் பட்டியலைப் படித்தபோதுதான் அரியணைக்குத் தாம் எத்துணை அண்மையில் இருக்கிறோம் என்பதை அறிந்தார். தாம் நல்லவளாக நடந்துகொள்ளப்போவதாக அன்று அவர் கூறினார் என்று லேசன் அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

பதினாறாம் வயதிலே பெரிய சோதனை வந்தது. 1835ஆம் ஆண்டு ராம்ஸ்கேட் என்னும் கடலோர ஊரில் கடுங்காய்ச்சலால் படுக்கையில் கிடந்தார். அந்நேரம் பார்த்து, அரசியானதும் தம்மை அந்தரங்கச் செயலாளராக அமர்த்துவதாக எழுதிக் கையொப்பமிடுமாறு கான்ராய் வற்புறுத்தினார். தாயாரும் அவர் பக்கமே நின்றார். உடலிலே வலுவில்லை, உறுதுணையாக லேசன் அம்மையார் மட்டுமே. ஆயினும் விக்டோரியா கையொப்பமிடவில்லை.

எப்போதும் அவரால் அவ்வாறு நிற்க முடிந்ததா? இல்லை. 1837ஆம் ஆண்டு மே மாதத்தில் மன்னர் வில்லியம் அவருக்கென ஆண்டுக்கு 10,000 பவுன் தனியே தருவதாகக் கடிதம் விடுத்தார். அதனை ஏற்க விரும்பியும், மற்றவர் எழுதிக் கொடுத்த மறுமொழியைத் தம் கையால் எழுதி அனுப்ப நேர்ந்தது. இளவரசியே ஆனாலும் வீட்டாரின் நெருக்குதலுக்கு ஒரு முறை பணிந்தார். அம்மடல் தம் கருத்தன்று என்பதை லேசன் அம்மையாரைக் கொண்டு எழுதி வைத்தார்.

அவ்வாண்டு மே 24ஆம் நாள் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. நான்கு வாரம் முடிவதற்குள், ஜூன் 20ஆம் நாள் விடியற்காலையில், மன்னர் மறைந்தார். அந்த மறைவு ஒரு மாதம் முந்தியிருந்தால், ஆட்சிப் பொறுப்பு தாயின் வழியாகக் கான்ராயின் பிடிக்குள் சென்றிருக்கும். காலை ஆறு மணியளவில் செய்தி கொணர்ந்த பேராயரையும் அரசவை அதிகாரியையும் தாம் தனியாகவே சென்று கண்டதாக அன்றைய நாட்குறிப்பில் எழுதினார். தம் படுக்கையைத் தாயின் அறையிலிருந்து அகற்றுமாறு ஆணையிட்டார்.

அவர் 1901ஆம் ஆண்டு வரை, 63 ஆண்டுகள், ஆட்சி புரிந்தார். அக்காலத்தில்தான் 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையால் ஆங்கிலேயர் பேராக்கில் காலூன்றினர். 1877ஆம் ஆண்டில் பால்மரக் கன்றுகள் இம்மண்ணை அடைந்தன. அவ்வாட்சியிலேயே நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். அவர்களிடமும் காகிதம் நீட்டப்பட்டது. அதில் எழுதியிருந்ததைப் படிக்க இயலாதவர் பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தனர். அரசியார் இளமையில் தப்பித்துக்கொண்ட பொறியிலே, அவருடைய குடிகள் சிக்கிக்கொண்டனர். அவருக்கு எழுத்தறிவும் ஓர் ஆசிரியையும் இருந்தனர். இவர்களுக்கு இரண்டும் இல்லை. தோட்டங்களில் பள்ளி வேண்டும் என்ற சட்டம் 1912ஆம் ஆண்டில்தான் வந்தது. அப்போதும் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர்.

பழங்கதை என்று இதனை ஒதுக்கிவிட வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன், பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பெற்ற தோட்டமொன்றில், மூதாட்டி ஒருவரிடம் ஒரு காகிதத்தில் கைநாட்டுக் கேட்டிருக்கின்றனர். இடைநிலைப்பள்ளியில் பயிலும் அவர் பேத்தி அதை வாங்கிப் படித்தாள். "பாட்டி, பணம் வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று எழுதியிருக்கிறது. எத்தனை வெள்ளி என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. இப்போது கை வைக்காதீர்கள்" என்றாள். பாட்டி கை வைக்கவில்லை. மறுநாள் அக்காகிதத்தோடு இருவரும் எம்மிடம் வந்தனர். தொழிலாளர் அலுவலகத்திற்கு வழிகாட்டினோம். தொகை எழுதப்பட்ட பின்னரே அம்மூதாட்டி கைநாட்டு வைத்தார்.

தாய்மார்களே! தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றும், பெண்ணுக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்றும் மகளைப் பாதியில் நிறுத்தும்போது, நம் வீட்டுக் காகிதங்களைப் படிக்கும் கண்களை நாமே மூடுகின்றோம். பாசத்தின் பெயராலும் பிள்ளைகளைக் கூண்டில் அடைக்க முடியும் என்பதற்குக் கென்சிங்டன் அரண்மனையே சான்று. உங்கள் மகளைப் படிக்க விடுங்கள். படித்தவள் 'வேண்டாம்' என்று சொல்லும்போது சினவாது, ஏன் என்று கேளுங்கள். எந்தக் காகிதம் வந்தாலும் அவளைப் படித்துச் சொல்லச் செய்து, பின்னரே கையொப்பமிடுங்கள்.

அன்று வினவிய மாணவிக்கு இதுவே எமது விடை: பாலத்தை விக்டோரியா கட்டவில்லை, உழைப்பாளிகள் கட்டினார்கள். ஆனால் பதினாறு வயதில் அவர் செய்த ஒரு காரியத்தை நீயும் செய்யலாம்.