தள்ளிப்போகும் மாதவிடாய்: உடல் சொல்வதைக் கேட்போம்

இரு மாதவிடாய்களுக்கிடையே 21 முதல் 35 நாள் வரையிலான இடைவெளி இயல்பானது. அதனைக் கடந்தால் முதலில் கருத்தரிப்பா என அறிதல் வேண்டும். ஆஷா ஊழியரிடம் கிடைக்கும் ‘நிச்சய்’ சிறுநீர்ச் சோதனை அட்டை அதற்குப் போதும்.

கரு இல்லையெனில் தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, பாலூட்டல், கருத்தடை ஊசி, மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவை காரணமாகலாம். அரைவயிற்று உணவும் ஓயாத உடலுழைப்பும் மன உளைச்சலும் கருமுட்டை வெளிப்படுவதையே நிறுத்திவிடக்கூடும். உழைக்கும் பெண்ணின் வறுமை இவ்வாறு அவளது உடலிலும் பதிகிறது. இதில் அவளது நடத்தையை ஐயுறுவது அறியாமை, அநீதியும்கூட.

மாதவிடாய்க் கோளாறுகளுக்கு முறையான சோதனை எட்டாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு மராட்டியத்தின் பீட் மாவட்டம் சான்று. அங்கே கரும்பு வெட்டும் பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோரின் கருப்பை அகற்றப்பட்டிருந்ததை 2019இல் மாநில அரசு அமைத்த குழுவே கண்டறிந்தது. விடுப்பெடுத்தால் கூலி போகும் என்ற அச்சமே பலரை அறுவைக்குத் தள்ளியது.

ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் இரத்தச் சோதனை, தைராய்டு சோதனை, ஊதியத்துடன் ஓய்வு ஆகியவை நமது கோரிக்கைகளாகட்டும். மூன்று மாதம் மாதவிடாய் வராதிருப்பின் மருத்துவரை நாடுவதில் தாமதம் கூடாது. கிளைக் கூட்டங்களில் ஆண் தோழர்களும் இதனைக் கூச்சமின்றிப் பேச வேண்டும்.