பள்ளிக் கடிதங்களுக்கு ஒரு வார்ப்புரு



பேராக் தோட்டங்களில் ரப்பர்ப் பாலைத் தட்டுகளில் ஊற்றி, அமிலமிட்டு உறைய வைத்ததை முதியோர் அறிவர். தட்டு ஒன்றாயிருந்ததால் தகடும் ஒரே அளவாய் வந்தது. சொற்செயலியின் வார்ப்புருவும் அத்தகையதே.

நாமோ சென்ற ஆண்டுக் கடிதத்தைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறோம். அவ்வாறு நாம் விடுத்த ஓர் அழைப்பில் பழைய 8 மணியே நின்றுவிட்டது. கூட்டமோ 10 மணிக்கு. பெற்றோர் பூட்டிய மண்டபத்தின்முன் காத்திருந்தனர்.

வேர்டில் கடிதத்தலைப்பை அமைத்து, தேதிக்கும் நேரத்திற்கும் வெற்றிடம் விட்டு, வார்ப்புருவாகச் சேமியுங்கள். அதனை இருமுறை சொடுக்கினால் புதிய ஆவணமே தோன்றும், மூலம் மாறாது. எழுத்து ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். பழைய குறியாக்கத்தில் அமைத்தவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வாசிக்க இயலாதவை. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இதற்கு உதவும்.

கையொப்பமிடுவோர் பெயரையும் வெற்றிடமாகவே விடுங்கள்; தலைமையாசிரியர் மாற்றலாகிச் செல்வதுண்டு.